போனில் மட்டும் நான் ரெஜினா

ஜூன் 3, திங்கள்

இவருக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி, லேசான சூடு. பாலக்கரையில் பாதிப் பேருக்கு இதே சளிதான். மற்றவர்கள் கஷாயம் குடித்துவிட்டுப் படுக்கலாம். இவர் சாப்பிடும் மாத்திரைக்கு அது முடியாது. தொண்டை வலித்தால் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் உமையாள் முதல் நாளிலேயே சொல்லி வைத்திருக்கிறார். இட்லி மாவுப் பாக்கெட்டுகளைக் கடைகளில் போட்டுவிட்டு அப்படியே மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஊசி குத்தும்போது இவர் நர்ஸிடம், "என் இரத்தத்துலதான் சிஸ்டர் உங்க ஆஸ்பத்திரியே ஓடுது" என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெயில் அதிகம்.

ஜூன் 4, செவ்வாய்

டாக்டரே போன் செய்தார். பொதுவாக நர்ஸ்தான் பேசுவார்கள்.

"ரெஜினா, இன்னைக்கு ராத்திரியிலிருந்து க்ளோசபின் மாத்திரை வேண்டாம். நேர்ல வாங்க, பேசுவோம். பயப்படாதீங்க, ஆனா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க."

போனோம். இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. இன்னும் குறைந்தால் சாதாரணச் சளியே ஆளைக் கொன்றுவிடுமாம். "மாத்திரையால விழுந்துச்சா, காய்ச்சலால விழுந்துச்சா?" என்று இவர் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெரியலை சவரி. தெரியாதப்போ நிறுத்தத்தான் வேணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப் போட்டேன். தினமும் போடுகிற அளவு மறந்துவிட்டது. குத்துமதிப்பாகப் போட்டேன்.

ஜூன் 5, புதன்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இந்த மனுஷனைத் தெரிந்து இரண்டரை வருஷம்தான்.

அதற்கு முன்னால் இருந்தது நோய். பெண் பார்க்க வந்தபோது கூச்ச சுபாவம் என்றார்கள். நானும் நம்பினேன். ஃபேன் ரெகுலேட்டரில் இருந்து யாரோ பேசுகிறார்கள் என்று அதில் ஈரத்துணியைத் திணித்து ஷாக் அடித்து விழுந்தார். மாதக் கணக்கில் குளிக்காமல் இருந்தார். மூன்று டாக்டர்கள், எத்தனையோ மாத்திரைகள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் உமையாள் இதைக் கொடுத்தார். மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ரெஜினா, எனக்கு வெண்டைக்காய் பிடிக்காதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டார். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எட்டு ஒன்பது வருஷமாக வெண்டைக்காய் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாத்திரையால் உடம்பு பெருத்தது. தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனையும். வயிறு மூன்று நாள் நான்கு நாள் இறுகிக் கிடக்கும். பரவாயில்லை என்பார். பிறகு மாவு வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். கடைக்காரர்களிடம் என்னைவிட நன்றாகப் பேசுவார். மழை நாளில் பாக்கெட்டு திரும்பி வந்தால் தெரு முழுக்க ஊத்தப்பம் சுட்டுக் கொடுப்போம் என்பார்.

இன்றைக்கு எனக்கு வேலை நிறைய. கவலைப்பட நேரமில்லை.

ஜூன் 6, வியாழன்

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

அவர் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார். இந்த மாதிரி அணுக்கள் விழுந்து மாத்திரை நிறுத்தப்பட்டவர்களில், வேறு எந்த மாத்திரையும் கேட்காதவர்களுக்கு, அணுக்கள் ஏறிய பிறகு அதே மாத்திரையை மறுபடி கொடுத்துப் பார்ப்பது. கூடவே அணுக்களை ஏற்ற லித்தியம் என்று இன்னொரு மாத்திரை. ஆஸ்பத்திரியிலேயே வைத்து, அடிக்கடி இரத்தம் பார்த்து.

"இது வைத்தியமா டாக்டர், சோதனையா?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ரெண்டும்தாம்மா. பதில் தெரிஞ்சா நான் ஏன் ஆராய்ச்சி பண்றேன்?"

"யாராவது செத்திருக்காங்களா?"

இவர் என் கையை அழுத்தினார். டாக்டர் முகம் மாறவில்லை. "பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கேன். எட்டுப் பேர் நல்லா இருக்காங்க. ரெண்டு பேருக்கு மறுபடி விழுந்துச்சு, நிறுத்தினோம், ஏறிடுச்சு. ஒருத்தர் இறந்துட்டார். இரத்தத்தால இல்ல. இந்த மாத்திரை குடலையும் மெதுவாக்கும். அவருக்குக் குடல் அடைச்சுக்கிச்சு. எல்லாரும் வெள்ளை அணுவையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அதுக்கப்புறம் வயித்தையும் தினமும் பாக்கறோம்."

முதலில் வேறொரு மாத்திரையை முயன்று பார்க்கலாம், அது பிடித்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். இவர் கேட்டார்: "அது பிடிக்காம, எனக்குப் புத்தி மாறிப்போச்சுன்னா? அப்ப நான் வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் உங்களைக் கேட்பேன். கேட்காம வாய்க்குள்ள போட மாட்டேன்."

"இப்பவே சொல்லிடறேன் டாக்டர். எனக்கு அது திரும்ப வேணும். நான் சொல்ல முடியாதப்போ இவ சொல்வா."

வரும் வழியில் பெட்டிக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 9, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். தொண்டை வலி போய்விட்டது. புது மாத்திரை சாப்பிடுகிறார்.

ஜூன் 14, வெள்ளி

சரியாகத் தூங்குவதில்லை. மத்தியானம் கிரைண்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெஜி, சத்தம் கேட்க ஆரம்பிச்சிருச்சு. தூரத்துல. பக்கத்துத் தெருவுல மைக் செட் கட்டினா எப்படி இருக்கும், அப்படி. இன்னும் நம்ம வீட்டுக்கு வரலை."

கிரைண்டரை நிறுத்திவிட்டு நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது.

ஜூன் 19, புதன்

சத்தம் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார். "வாங்க, யாரு வேணும்?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பால் வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ரெஜினா வெளிய போயிருக்கா. வந்ததும் வாங்க" என்று மரியாதையாகச் சொன்னார். நான்தான் ரெஜினா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "புடவை அவளுதுதான். சாயலும் இருக்கு. ஆனா நீங்க அவ இல்ல. அவளை எங்க வச்சிருக்கீங்க?"

பன்னிரண்டு வருஷத்தில் எவ்வளவோ கெட்ட வார்த்தைகள் கேட்டிருக்கிறேன். இந்த 'வாங்க'வைக் கேட்டதில்லை.

நல்லதாகப் போயிற்று, இன்று முழுக்க இவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாவில் உப்புப் போட மறந்தேன். மூன்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜூன் 26, புதன்

நான் சமைத்ததில் விஷம் இருக்கும் என்று மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இன்று வார்டில் சேர்த்தாயிற்று. ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

இவருடைய அக்கா லூர்து அண்ணி மணப்பாறையில் இருந்து வந்துவிட்டார். அண்ணியை அவருக்கு அடையாளம் தெரிகிறது. அண்ணி கையால் இரண்டு வாய் சாப்பிட்டார். இரத்தத்தில் அணுக்கள் நன்றாக ஏறிவிட்டன. டாக்டர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 29, சனி

அண்ணி குளிக்கப் போன நேரம் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று விரட்டவில்லை. களைத்துப் போயிருந்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாங்க?" என்று கேட்டார்.

"ஆயிருச்சு."

"வீட்டுக்காரர் நல்லவரா?"

"நல்லவர்தான். உடம்பு சரியில்லை."

தலையை ஆட்டினார். பிறகு அவராகவே பேசினார். "என் வீட்டுக்காரியும் என்னை ரொம்ப வருஷம் வச்சுக் காப்பாத்தினா. அவ கோவக்காரி. மாவு அரைக்கும்போது தனக்குத்தானே கணக்குப் போட்டு முணுமுணுப்பா. நான் கேட்கறது அவளுக்குத் தெரியாது. தலையில எண்ணெய் வச்சா நெத்தியெல்லாம் வழியும், துடைக்கவே மாட்டா. அவளை ஒரு சினிமாவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இப்பத்தான் ஆரம்பிச்சோம்... அவளைப் பார்த்தீங்கன்னா, நான் தேடறேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய் இருந்தது. அந்த ரெஜினா மேல் எனக்கு லேசாகக் கோபம் வந்தது. அவள் எங்கேயோ சுகமாக இருக்க, நான் இங்கே உட்கார்ந்து அவள் பெருமையைக் கேட்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

புது மாத்திரை கேட்கவே இல்லை. ஆராய்ச்சியில் சேர்ப்பது பற்றி நான் முடிவு சொல்ல வேண்டும். வராந்தாவில் அண்ணிக்கும் எனக்கும் சண்டை.

"வேண்டாம் ரெஜினா. அந்த மாத்திரை அவனைக் கொன்னுடும். ஒருத்தர் செத்துட்டாருன்னு அவங்களே சொல்றாங்கல்ல? அம்மா செத்தப்போ அவனுக்கு ஆறு வயசு. நான் வளர்த்த பிள்ளை. பைத்தியமா இருந்தாலும் உசிரோட இருக்கட்டும்."

"உசிரோட இருந்து? இப்படியே?"

"இப்படியேதான். நான் கூட்டிட்டுப் போய் வச்சுக்கறேன். நீ உன் வாழ்க்கையைப் பாரு. உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

அண்ணி கெட்டவர் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் தோளைத் தடவிக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க வளர்த்தது ஒருத்தரை அண்ணி. நான் கூட இருந்தது இன்னொருத்தர்கூட. அவரே திரும்பி வரணும்னு கேட்டாரு. என் முன்னாடி, டாக்டர் முன்னாடி, நல்ல புத்தியோட கேட்டாரு" என்றேன். எனக்காகக் கேட்கவில்லை, அவர் சொன்னதற்காகத்தான் கேட்கிறேன் என்றும் சொன்னேன்.

"சரி, உனக்காகவும் கேட்டாத்தான் என்ன தப்பு?" என்றார் அண்ணி.

நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

ஜூலை 4, வியாழன்

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இவரிடம் எல்லாவற்றையும் முதலில் இருந்து விளக்கினார். இவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைக் கை காட்டி, "இவங்க சொல்லி நான் எதையும் முழுங்க மாட்டேன். ரெஜினா சொன்னா சரி" என்றார்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "உங்க பேரைச் சொல்லி ஏமாத்தவும் முடியாது, வலுக்கட்டாயமும் பண்ண மாட்டேன். ஒண்ணு செஞ்சு பார்ப்போமா? இந்த மாதிரி இருக்கறவங்கள்ல சில பேருக்கு முகத்தைப் பார்த்தாத்தான் ஆள் மாறிட்டதாத் தோணும். குரலை மட்டும் கேட்டா அடையாளம் தெரியும். போன்ல பேசிப் பாருங்க."

நர்ஸ் அறையில் இருக்கும் போனுக்கு அவரைக் கூட்டி வந்தார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே நின்று, என் செல்லில் இருந்து அந்த நம்பரைப் போட்டேன். இரண்டு முறை தப்பாகிவிட்டது.

"என்னங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, "ரெஜி! எங்கடி இருக்கே? எத்தனை நாளாத் தேடறேன்!"

பதினொரு நாளுக்குப் பிறகு அந்த 'டி'. படிக்கட்டில் ஏறுபவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"இங்கதான் பக்கத்துல இருக்கேன். நல்லா இருக்கேன்."

"உன்னை மாதிரியே ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கா. பாவமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு."

"அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. டாக்டரம்மா பழைய மாத்திரையைத் திரும்பத் தரட்டுமான்னு கேட்கறாங்க."

"நீ என்ன சொல்றே?"

ஒரு 'சரி' சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் டாக்டர் ஏமாற்ற மாட்டேன் என்றாரே, நான் மட்டும் எப்படி?

"அதுல ஆபத்து இருக்குங்க. திரும்பவும் இரத்தத்துல அணுக்கள் விழலாம். உசிருக்கே ஆபத்து வரலாம். லூர்து அண்ணி வேண்டாம்ங்கறாங்க. நிச்சயமா நல்லதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா... நீங்க திரும்பி வரணும். எனக்கு வேணும்."

செல்லைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதடி. சாப்பிடறேன்" என்றார். "நாளைக்கும் போன் பண்ணுவேல்ல?"

நான் அழவில்லை. மாடிப்படிக்குக் கீழே தூசி.

ஜூலை 5, வெள்ளி

கால் மாத்திரை. அண்ணிதான் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 12, வெள்ளி

முதல் வாரத்து இரத்தம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையைக் கூட்டுகிறார்கள். பயிற்சி டாக்டர் தினமும் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலையில் போனாரா என்று கேட்கிறார். இவருக்கு அதுதான் பெரிய எரிச்சல். "அரசாங்க ரகசியத்தைக் கேட்கற மாதிரி கேட்கறாரு" என்று போனில் என்னிடம் புகார் சொன்னார்.

தினமும் சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே நின்று பேசுகிறேன். பகலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் அந்நியப் பெண். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தால் "நன்றிங்க" என்பார். சாயங்காலம் அவர் மனைவி. நான் எப்போது சாயங்காலம் ஆகும் என்று பார்க்கிறேனா என்று நர்ஸ் கேட்டாள். மாவு வியாபாரத்துக்கு நேரமாகிறதே என்று பார்க்கிறேன் என்றேன். மாவு அரைத்து இரண்டு வாரமாகிறது.

ஜூலை 18, வியாழன்

காலையில் காய்ச்சல். நெஞ்சு படபடக்கிறது என்றார்.

டாக்டர் ஓடி வந்தார். ஓடி வந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். மறுபடி ஆரம்பிக்கும்போது சிலருக்கு இதயம் வீங்கிவிடுமாம். அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னேனே என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இவர் காய்ச்சலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் யார் என்று தெரிந்து பிடித்தாரா என்று கேட்கவில்லை.

போனில் பேச நர்ஸ் அறைக்கு எழுந்து வர முடியவில்லை. சாயங்காலம் நான் மாடிப்படிக்குக் கீழே சும்மா போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

அணுக்கள் விழவில்லை. இதயத்திலும் ஒன்றுமில்லை. மருந்துக்கு உடம்பு பழகும்போது வரும் காய்ச்சல்தான் என்கிறார் டாக்டர். இரண்டு நாள் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடரலாம், ஆனால் திரும்பவும் கேட்டுவிட்டுத்தான் என்றார். இவரிடம் கேட்டார். "ரெஜினாகிட்ட நேத்து பேசலை. பேசிட்டுச் சொல்றேன்" என்றார்.

பேசினேன். இந்த முறையும் ஆபத்தைச் சொன்னேன். "அதான் ஏற்கெனவே சொன்னியே" என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு வீட்டில் கேட்கிற சலிப்பு.

வார்டு வாசலில் டாக்டர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எங்களுக்கு நீட்டினார். அவர் முகம் வாடிக் கிடந்தது. அண்ணி ஒன்றை எடுத்துக்கொண்டு, "நீங்க ராத்திரி தூங்கினீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

ஜூலை 27, சனி

இரத்தம் நன்று. வயிறு நன்று. இன்று தாடி மழித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சத்தம் மறுபடி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வார்டுக்குள் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூக்கைத் திறந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் 'சாப்பிடுங்க' என்று சொல்லக்கூடப் பயந்து கரண்டியோடு நின்றேன்.

"என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கரண்டியைப் பொறுக்கிக் கொடுத்தாள். அண்ணி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ரசம் கட்டிலெல்லாம் ஊற்றிவிட்டது.

இதற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். ரொம்ப.

ஆகஸ்ட் 14, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாரா வாரம் இரத்தம் கொடுக்க வேண்டும், எத்தனை மாதம் என்று டாக்டருக்கே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி விழலாம். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் அனுப்பினார். பன்னிரண்டாவது ஆள் நல்லபடியாக வீடு போகிறார் என்று எங்களைப் படி வரைக்கும் வந்து அனுப்பி வைத்தார். அண்ணி மணப்பாறைக்குப் பஸ் ஏறும்போது, உடம்பைப் பார்த்துக்கோ என்றார். அவரிடம் இல்லை, என்னிடம்.

மத்தியானம் இவர் பாக்கெட் போடும் கவர்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"ரெஜி, நீ இல்லாதப்போ ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வருவாங்க. உனக்குத் தெரியுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. டாக்டர் சொல்லியிருந்தார், சில விஷயங்கள் அப்படியே தங்கிவிடலாம், இழுத்துத் திருத்த வேண்டாம் என்று.

"தெரியும்" என்றேன்.

"நல்லவங்க. தினமும் வந்து உட்காருவாங்க. ஆரஞ்சு உரிச்சுத் தருவாங்க. முதல்ல நான் அவங்களை ரொம்பப் பேசிட்டேன். விஷம் வைக்கறவள்னு சொல்லித் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. பாவம், அவங்க வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லையாம்." கவரை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "அவங்களை எங்கயாவது பார்த்தா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்றியா?"

"சொல்றேங்க."

"மறந்துடாத."

மறக்கவில்லை. பின்கட்டில் முகம் கழுவப் போனபோது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்றாள்.